தாய்மரம் போன பின்னும் நிற்கும் ஆல்

பெங்களூருக்கு மேற்கே, மைசூரு சாலையிலிருந்து பிரிந்து செல்லும் வழியிலுள்ள கேத்தோஹள்ளியில் ஏறத்தாழ மூன்று ஏக்கர் பரப்பில் படர்ந்து நிற்கும் ஆலமரத்தைக் கன்னட மக்கள் 'தொட்ட ஆலத மர', அதாவது பெரிய ஆலமரம், என்று அழைக்கின்றனர். நானூறு ஆண்டு வயதுடையதாகக் கருதப்படும் அம்மரத்தின் நடுத்தண்டு நோயுற்று அழிந்து பல ஆண்டுகளாகியும், விழுதூன்றிய கிளைகள் தழைத்தே நிற்கின்றன. சென்னை அடையாற்றுப் பிரம்மஞான சபைத் தோட்டத்தின் ஆலமரம் 1989ஆம் ஆண்டுப் புயலில் தாய்மரத்தை இழந்தது. கொல்கத்தாவை அடுத்த ஹவுராத் தாவரவியல் பூங்காவிலுள்ள ஆலின் அடிமரமோ, 1864, 1867 ஆகிய ஆண்டுகளின் புயல்களில் சிதைந்து, பூசணம் பற்றி அழுகியதால் 1925இல் வெட்டி அகற்றப்பட்டது. விதையிலிருந்து எழுந்த தண்டு இல்லாதபோது எஞ்சி நிற்பது அதே மரமா, அதன் இடத்தைப் பிடித்துக்கொண்ட வேறு மரமா? மரத்தடியில் வழிபடுவோரும் அதன் வயதை நானூறு என்று எண்ணுவோரும் முதல் விடையையே கேள்வியின்றி ஏற்கின்றனர். அந்த ஏற்புக்கு அடிப்படை உண்டா என்பதை ஆராய வேண்டும்.

சாந்தோக்கிய உபநிடதத்தின் ஆறாம் அதிகாரத்தில், உத்தாலகர் தம் மகன் சுவேதகேதுவுக்கு இதையொத்ததொரு மரத்தைக் காட்டியே பாடம் சொல்கிறார். வேரில் வெட்டினாலும், நடுவில் வெட்டினாலும், நுனியில் வெட்டினாலும் மரம் பால் வடித்தபடி உயிரோடிருக்கும் என்றும், உயிர் ஒரு கிளையை விட்டு நீங்கினால் அக்கிளை மட்டும் உலரும், முழுவதையும் விட்டு நீங்கினால் முழுமரமும் உலரும் என்றும் அவர் விளக்குகிறார். உயிருக்கு மரத்தில் தனித்ததோர் இருப்பிடம் இல்லை, அது எங்கும் ஊடுருவி நிற்கிறது என்பது இதன் உட்கிடை. அடுத்த பகுதியிலேயே ஆலம்பழத்தைப் பிளக்கச் சொல்லி, விதைக்குள் கண்ணுக்குப் புலப்படாத நுண்மையிலிருந்தே பேராலமரம் எழுகிறது என்று அவர் காட்டுவதால், இவ்விரு பகுதிகளையும் சேர்த்துப் படிப்பதே முறை.

நியாய வைசேடிகர் இதற்கு எதிரான கடுமையான நிலையை எடுக்கின்றனர். உறுப்புகளால் ஆன முழுமையை அவர்கள் 'அவயவி' என்பர். ஓர் உறுப்பு நீங்கினாலும் பழைய அவயவி அழிந்து, எஞ்சிய உறுப்புகளிலிருந்து புதிய அவயவி தோன்றுகிறது என்பது அவர்கள் கொள்கை. அதன்படி பார்த்தால், ஒவ்வோர் இலையுதிர்விலும் ஆலமரம் ஒரு முறை மாண்டு பிறக்கிறது. நேர்மையான கொள்கைதான், ஆனால் நானூறு ஆண்டு வயது எதற்குரியது என்ற கேள்விக்கு அதனால் நிறைவான விடை தர இயலவில்லை. பௌத்த நூலான மிலிந்த பஞ்ஹாவில் நாகசேனர் இரவு முழுவதும் எரியும் விளக்கைச் சான்றாக்கி, முதல் யாமத்துச் சுடரும் கடை யாமத்துச் சுடரும் ஒன்றும் அல்ல, வேறும் அல்ல, தொடர்ச்சியே உண்மை என்கிறார்.

ஆலின் இயல்பு நாகசேனருக்கு அரணாகிறது, ஆனால் முழுமையாக அன்று. கிளையிலிருந்து இறங்கும் விழுது காற்றில் தொங்கும்வரை மெல்லிய நார்போல இருக்கும்; மண்ணைத் தொட்டு வேர்பிடித்ததும் தடித்து, நீரை மேலேற்றும் மரத்திசு வளர்ந்து, தானே ஒரு தண்டாகிவிடும். அடிமரமும் விழுதும் பல பத்தாண்டுகள் ஒரே கிளைக்கு ஒருங்கே நீரூட்டுவதால், பொறுப்பு கைமாறிய கணம் என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. அடிமரம் மடிவதற்கு வெகுமுன்பே அது இன்றியமையாததாக இருப்பது நின்றுபோகிறது. உயிரை ஒரு தண்டில் சிறைவைக்க மறுத்த உத்தாலகரின் பார்வையே இவ்வகையில் ஆலுக்கு மிக நெருங்கியது.

எனினும் மரத்தைக் காப்போரின் கைகளைப் பற்றி இவர்களுள் எவரும் இங்குப் பேசவில்லை. விழுதின் இளநுனியைக் கால்நடை மேய்ந்தாலும், ஊஞ்சலாடுவோர் இழுத்து முறித்தாலும், போக்குவரத்துக்கு இடையூறு என்று சாலையோரத்தில் வெட்டினாலும், அது ஒருபோதும் தண்டாவதில்லை. ஆகவேதான் பழைய ஆலமரங்களைப் பேணுவோர், மண் நிரப்பிய மூங்கிற்குழாய்க்குள் நுனியைச் செலுத்தித் தரைவரை வழிநடத்துகின்றனர். தெலங்கானாவின் மகபூப்நகரில் உள்ள பில்லலமர்ரி ஆலமரத்தைக் கரையான் அரித்தபோது, 2018இல் பூச்சிக்கொல்லிக் கரைசலை மருத்துவமனைச் சொட்டுக்குழாய்கள் வழியே அதற்குள் செலுத்தினர். இத்தகைய பணியின்றி அம்மரங்கள் அதே மரங்களாக நீடித்திருக்குமா என்பது ஐயமே. அந்த அளவுக்கு, மரத்தின் ஒருமை கண்டறியப்படும் உண்மை மட்டுமாக நில்லாமல், மனிதர் நிறைவேற்ற வேண்டிய கடமையாகவும் ஆகிறது.

வழிபாட்டையும் இந்த ஒளியில் சீர்தூக்க வேண்டும். பக்தி இயல்பாகவே தண்டைத் தேடிச் செல்கிறது: அதற்கு மஞ்சள் பூசி, நூல் சுற்றி, வலம்வர வசதியாகச் சுற்றிலும் சிமெண்ட் மேடை எழுப்புகிறது. அம்மேடை நீரும் காற்றும் வேருக்குச் செல்லவிடாமல் தடுப்பதோடு, மேலிருந்து இறங்கும் விழுதுக்கு ஊன்ற மண்ணில்லாமலும் செய்துவிடுகிறது. ஆலைத் தெய்வமாகக் கொள்பவர் அதன் நுனிகளையும் தெய்வத்தின் பகுதியாகக் கொள்ள வேண்டும். அவை இறங்கும் நிலமும் அத்தெய்வத்துக்கு உரியதே. கேத்தோஹள்ளி மரம் ஓரங்களை நோக்கியே வளர்கிறது என்பதால், இன்றைய எல்லையில் எழுப்பப்படும் சுவரும் நடைபாதையும் நாளைய மரம் எவ்வளவு என்பதை முன்கூட்டியே முடிவு செய்துவிடுகின்றன. சுவருக்கு வெளியிலும் சில அடி அகலத்துக்கு மண்ணை மண்ணாகவே விட்டுவைப்பது அங்குச் செய்யத்தக்க முதல் வழிபாடு.