நுரையும் நோன்பும்

மனிதச் செயல்களின் நன்மை தீமையை ஆராயும் ஒழுக்க இறையியலில், 17ஆம் நூற்றாண்டின் கத்தோலிக்க அறிஞர்கள் நீண்டகாலம் வாதிட்ட கேள்விகளுள் ஒன்று, சாக்லேட் பருகுவது நோன்பை முறிக்குமா என்பது. நோன்பு நாளில் ஒரே ஒரு முழு உணவு கொள்வது, அதாவது தமிழ்க் கத்தோலிக்கர் ஒருசந்தி என்று வழங்கும் ஒழுங்கு, உண்பதையே கட்டுப்படுத்தியது. பருகுவதை அது தொடவில்லை. 13ஆம் நூற்றாண்டில் புனித தோமா அக்குவினா இதற்குக் காரணம் கூறியிருந்தார்: பானம் ஓரளவு ஊட்டம் தந்தாலும், உண்டதைச் செரிக்கச் செய்வதே அதன் முதன்மையான பயன் என்பதால் அது திருச்சபையின் நோன்பை முறிப்பதில்லை. மருந்துச் சரக்கை இனிப்புடன் குழைத்த லேகியத்துக்கும் அவர் இதே சலுகையை அளித்து, அதை உணவுக்கு மாற்றாக ஏமாற்று நோக்குடன் மிகுதியாகத் தின்பவருக்கு மட்டும் அச்சலுகை இல்லை என்று வரம்பிட்டார்.

மெக்சிக்கோவிலிருந்து ஸ்பெயினுக்கு வந்த கொக்கோ பானம் இந்தப் பகுப்பைக் கடுமையான சோதனைக்கு உள்ளாக்கியது. ஏனெனில் அது கிண்ணத்தில் ஊற்றிப் பருகப்படுவதாயினும், விதையின் கொழுப்பும் அதனுடன் சேரும் சர்க்கரையும் சில வேளைகளில் சோளமாவும் பசியை நன்றாகவே அடக்கின. 1636இல் மாட்ரிட் நகரில் அந்தோனியோ தெ லெயோன் பினேலோ இந்த ஒரு கேள்விக்கென்றே ஒரு நூலை வெளியிட்டார்; 1645இல் தோமாஸ் உர்தாதோ சாக்லேட்டையும் புகையிலையையும் சேர்த்து ஆராய்ந்தார். 1664இல் ரோமில் எழுதிய கர்தினால் பிரான்செஸ்கோ மரியா பிரங்காச்சோ, ஊட்டம் தரும் திராட்சை இரசம் நோன்பை முறிப்பதில்லை என்றால் நீர்மமாகிய சாக்லேட்டும் முறிக்காது என்று வாதிட்டார். இயேசு சபையினர் பொதுவாக இந்தத் தளர்வின் பக்கம் நின்றனர். தொமினிக்கன் சபையினர் பலர் அதை எதிர்த்தனர். அச்சபையின் தானியேலே கொன்சீனா 1748இல்கூட வெனிசிலிருந்து எதிர்ப்பு நூல் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த வாதங்களை வீண் நுணுக்கம் என்று ஒதுக்குவது அநீதி. எண்ணம் ஒன்றே போதும் என்று சொல்லிவிட்டால், ஒவ்வொருவரும் தம் எண்ணத்தைத் தாமே தூயது என்று தீர்ப்பளித்துக்கொள்வர். ஒரு சமூகம் முழுவதும் ஒன்றுசேர்ந்து நோற்கும் நோன்புக்குக் கண்ணால் காணக்கூடிய ஓர் எல்லை வேண்டும். பிரங்காச்சோவின் அளவுகோல் அத்தகைய எல்லையைத் தந்தது என்பதே அதன் வலிமை. ஆனால் பொருளின் நிலையை, அதாவது அது திடமா நீர்மமா என்பதை, எல்லையாகக் கொள்வது எவ்வளவு தூரம் தாங்கும் என்பதை வீட்டில் செய்யும் சாக்லேட் மூஸ் என்ற நுரை இனிப்பைக் கொண்டு சோதித்துப் பார்க்கலாம்.

நால்வருக்கு மூஸ் செய்பவர் ஏறத்தாழ 150 கிராம் கறுப்புச் சாக்லேட்டைக் கொதிநீரின் ஆவியில் உருக்கி, இளஞ்சூட்டுக்கு ஆறவிட்டு, 4 முட்டைகளின் மஞ்சள்கருவை அதில் கலக்கிறார். பின்னர், தனியே அடித்து நுரைத்தெழச் செய்த வெள்ளைக்கருவை, நுரை அமுங்காதபடி, சிறிது சிறிதாகச் சேர்க்கிறார். அடிக்கும்போது வெள்ளைக்கருவின் புரதங்கள் சுருள் பிரிந்து காற்றுக் குமிழிகளைச் சுற்றிச் சுவர் எழுப்புகின்றன. மஞ்சள்கருவின் கொழுப்பு சிறிது கலந்தாலும் அந்தச் சுவர் சரியாக எழாது. குளிர்பெட்டியில் சில மணி நேரம் வைக்க, கொக்கோ வெண்ணெய் இறுகி நுரையை நிலைநிறுத்துகிறது. அதே வெண்ணெய் உடற்சூட்டுக்குச் சற்றுக் குறைந்த வெப்பத்திலேயே உருகுவதால், கரண்டியில் திடமாக நின்றது நாவில் நீர்மமாகிறது. நீர்மங்களால் ஆனதும், கணிசமான பங்கு காற்றைக் கொண்டதும், வாயில் மீண்டும் நீர்மமாவதுமான இதனை உணவு என்பதா, பானம் என்பதா? ராஸ்பெரிப் பழங்களைச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்து மசித்து வடிகட்டி மேலே ஊற்றும் குழம்போ லேகியத்துக்கு நெருங்கிய உறவு. நிலையை மட்டும் நோக்கும் அளவுகோல் இங்கே முற்றிலும் கைவிடுகிறது. கலந்தவை என்ன, எவ்வளவு, எதற்காக என்று கேட்கும் பழைய வழியே துணை நிற்கிறது.

இடைக்கால விதிப்படி இக்கேள்வி எழுந்திருக்கவே வழியில்லை. தவக்காலத்தில் முட்டையும் பால்பொருளும் அப்போது விலக்கப்பட்டிருந்தன. பிரான்சின் ரூவான் பேராலயத்து வெண்ணெய்க் கோபுரம், தவக்காலத்தில் வெண்ணெய் உண்ணச் சலுகை பெற்றோர் தந்த பணத்தால் எழுந்தது என்பதாலேயே அப்பெயர் பெற்றதாகச் சொல்லப்படுகிறது. திருத்தந்தை ஆறாம் பவுல் 1966இல் வெளியிட்ட ஆணையோ, சுத்தபோசனம் எனப்படும் இறைச்சி விலக்கு முட்டையையும் பால்பொருள்களையும் தடுப்பதில்லை என்று தெளிவாக்கியது. ஆகவே இன்று பெரிய வெள்ளியன்று, ஒரே முழு உணவின் பகுதியாக மூஸ் உண்பவர் எந்தச் சட்டத்தையும் மீறுவதில்லை. சட்டம் விலகி நிற்கும் இந்த இடத்தில்தான் கேள்வி கனம் பெறுகிறது.

போசனப்பிரியம் என்னும் தீயொழுக்கத்தை, முன்னோர் வழியைப் பின்பற்றி, ஐந்து வகையாகப் பிரிக்கும் அக்குவினா, வேளைக்கு முந்துதல், அளவு மிகுதல், ஆவலாக விழுங்குதல், விலையுயர்ந்ததை நாடுதல் ஆகியவற்றுடன், மிக நுணுக்கமான சமையலை நாடுவதையும் சேர்க்கிறார். அதிகம் பேசப்படாத இந்தக் கடைசி வகையே மூஸைப் பொறுத்தவரை ஆழமானது. சிறு கிண்ணத்தில் அடங்கும் அந்த இனிப்பில் அளவுக் குற்றம் இல்லை. ஆனால் நோன்பு வயிற்றைக் காலியாக்குவதோடு மனத்தை இறைவன்பால் விடுவிக்கவும் வேண்டுமென்றால், நுரையின் உயரத்திலும் சாக்லேட்டின் சூட்டிலும் அரை நாளாகக் கட்டுண்ட மனம், பட்டினி கிடந்தாலும், விடுதலை அடைந்ததாகக் கொள்ள முடியாது.

இதற்கு வலிமையான ஒரு மறுப்பு உண்டு: அந்த நுணுக்கம் பிறருக்காகச் செய்யப்பட்டால் என்ன? எகிப்தின் பாலைவனத் துறவிகளைப் பற்றி எழுதிய யோவான் கசியான், விருந்தினர் வந்ததும் அவர்கள் தங்கள் நோன்பைத் தயங்காமல் விட்டதைக் கண்டு வியந்ததாகக் குறிப்பிடுகிறார். நோன்பு எந்நாளும் தம்முடன் இருப்பது, விருந்தினரோ விரைவில் பிரிந்து செல்பவர், அவருக்குச் செய்யும் அன்போ கட்டளையால் வருவது என்பது கசியானுக்கு ஒரு முதியவர் தந்த விளக்கம். பச்சை முட்டையால் ஆன மூஸும் நாள் கடத்தி வைக்கத் தகாதது. வந்தவருக்கு அன்றே பரிமாற வேண்டியது. அதைச் செய்தவர் விருந்தினருடன் அமர்ந்து தாமும் உண்பதை அந்த முதியவர் குறைகூறியிருக்க மாட்டார். ஆனால் விருந்தினருக்காக நோன்பைத் தளர்த்திய அதே துறவிகள், எல்லோருக்கும் விதிக்கப்பட்ட புதன் வெள்ளி நோன்புகளை மட்டும் தளர்த்தவில்லை என்பதையும் கசியான் மறக்காமல் பதிவு செய்கிறார். அவர்கள் வழியை ஏற்றால், தவக்காலத்துச் செவ்வாயன்று வந்த விருந்தினருக்காக முட்டையை அடித்து நுரைக்கலாம். பெரிய வெள்ளியன்று வந்தவருக்கு வீட்டில் இருக்கும் எளிய உணவைப் பகிர்வதே அந்த நாளுக்குப் பொருந்தும்.