தரைக்கு அடியிலும் ஓர் அமானிதம்

ஆடையில் ஒரு துளி அசுத்தம் பட்டுவிட்டதோ என்று ஐயம் எழுந்தாலே, தொழுகைக்கு முன் அதைக் கழுவிக்கொள்ளும் மக்கள் நாம். இந்த எச்சரிக்கை நம் மார்க்கம் நமக்கு அளித்த பெருஞ்செல்வம். ஆயினும், நாம் முஸல்லா விரித்து நிற்கும் தரைக்குச் சில முழம் கீழே, உடைந்துபோன கழிவுநீர்க் குழாய் பல்லாண்டுகளாகக் கசிந்துகொண்டிருக்குமானால், அதைக் குறித்து நம் மனச்சான்று என்ன சொல்கிறது? கண்ணுக்குத் தெரியாதவரை அது நம் பொறுப்பன்று எனலாமா? இது கொத்தனாரிடம் மட்டும் கேட்டு அமையக்கூடிய கேள்வியன்று.

சென்னை மண்ணடி, திருவல்லிக்கேணி போன்ற பகுதிகளின் பழைய வீடுகள் பல, சுவரோடு சுவர் ஒட்டி, ஒடுங்கி நீண்டவை. கொல்லைப்புறக் கழிப்பறையிலிருந்து தெருவின் பாதாளச் சாக்கடைக்குச் செல்லும் குழாய்க்கு அத்தகைய வீடுகளில் கூடத்தின் அடியைத் தவிர வேறு வழியில்லை. அந்நாளில் பதிக்கப்பட்டவை பெரும்பாலும் ஸ்டோன்வேர் எனப்படும் மெருகிட்ட மண்குழாய்கள். ஒரு துண்டின் நீளம் ஏறத்தாழ 2 அடி. 40 அடி நீள வீட்டில் 20 இணைப்புகள் இருக்கும். மண் சற்று அமிழ்ந்தாலும் இணைப்பிலுள்ள சிமெண்ட் விரிசல் காணும். ஈரத்தை நாடி மரவேர் உள்ளே நுழையும். கசியும் நீர் சுற்றியுள்ள மண்ணைக் கரைத்துக் குழாய்க்குள் இழுத்துச் செல்ல, தரைக்கடியில் வெற்றிடம் உண்டாகும். வார்ப்பிரும்புக் குழாயோ சாக்கடை வாயுவினால் உள்ளிருந்தே அரிக்கப்படும்.

வீடு நமக்கு அறிவிக்காமல் இருப்பதில்லை. தரைக்கல்லைத் தட்டினால் பொள்ளலாக ஒலிக்கிறது. சுவரடியில் ஈரம் பூக்கிறது. மழைநாளில் நாற்றம் எழுகிறது. நாமோ பெயர்ந்த கல்லை மறுபடி ஒட்டுகிறோம், ஊதுபத்தி கொளுத்துகிறோம். கேட்பவரிடம், “பெத்தாப்பா காலத்திலிருந்தே இப்படித்தான்” என்கிறோம்.

இந்த விடையைத்தான் நம் சட்ட அறிஞர்கள் ஏற்க மறுத்தார்கள். உதுமானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில், ஹனஃபி ஃபிக்ஹை அடிப்படையாகக் கொண்டு 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்டது ‘மஜல்லா’ என்னும் சட்ட நூல். பழமையாக இருந்துவருவதை அவ்வாறே விட்டுவிடலாம் என்பது அதன் 6ஆம் விதியின் கருத்து. அடுத்த விதியே அதற்கு எல்லை வகுத்துவிடுகிறது: தீங்கு எத்துணை நாள் நீடித்திருப்பினும், அந்தப் பழமை அதற்கு உரிமையாகாது. 1224ஆம் விதி இதற்குக் கழிவுநீரையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. ஒரு வீட்டின் அழுக்குநீர் தொன்றுதொட்டுத் தெருவில் பாய்ந்து நடப்போருக்குத் தீங்கு செய்யுமாயின், அதன் தொன்மை பாராது அத்தீங்கை அகற்ற வேண்டும் என்பது அதன் தீர்ப்பு. பிறருக்குத் தீங்கிழைத்தலாகாது என்னும் நபிமொழியில் வேர்கொண்ட நெறி இது. ஷாஃபியீ, ஹனஃபி என்ற வேறுபாடின்றி அனைவருக்கும் பொதுவானது.

அவ்வாறாயின், தரைக்கடியிலுள்ள தீங்கு யார் யாரைச் சென்றடைகிறது? முதலாவதாக, அண்டை வீட்டாரை. மண்ணுக்குள் கசிந்த நீர் நம் எல்லைக்கல்லை அறியாது. அது அடுத்த வீட்டுக் கிணற்றைச் சென்றடையுமானால், அங்குள்ள குழந்தைக்கு வரும் மஞ்சள் காமாலைக்கும் டைபாய்டுக்கும் நாமும் காரணமாகக் கூடும்.

இரண்டாவதாக, அவ்வீட்டை வாங்க வருபவரை. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைத்தெருவில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை நுழைத்தபோது விரல்களில் ஈரம் தட்டிய வரலாற்றை நாம் அறிவோம். மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் காரணம் கூறினார். தானியம் நனைந்ததை நாயகம் (ஸல்) அவர்கள் குற்றமாகக் கொள்ளவில்லை. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைக்காமல் மறைத்ததையே கண்டித்தார்கள். குழாய் உடைந்தது நம் குற்றமன்று. உடைந்த இடத்தின் மீது புதிய பளிங்குக் கல் பதித்து விலை பேசுவது நம் குற்றம்.

மூன்றாவதாக, அடைப்பெடுக்க வரும் மனிதரை. மூடிய குழியில் தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு மிகும்போது, முதலில் மூக்கின் உணர்வை மரக்கச் செய்து, பின்பு உயிரையே பறித்துவிடும். பாதுகாப்புக் கருவிகளின்றி ஒருவரைச் சாக்கடையிலோ கழிவுநீர்த் தொட்டியிலோ இறக்குவதைத் தனிமனிதருக்கும் குற்றமாக்கியது 2013ஆம் ஆண்டின் சட்டம். அத்தகைய மரணத்துக்குரிய இழப்பீட்டை 2023ஆம் ஆண்டு அக்டோபரில் உச்ச நீதிமன்றம் 10 லட்சத்திலிருந்து 30 லட்சம் ரூபாயாக உயர்த்தியது. எனினும், எந்தத் தொகை ஒரு தந்தையை மீட்டுத் தரும்? நாம் பழுது பார்க்காமல் தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும், அந்த மனிதரை மீண்டும் மீண்டும் குழியருகே அழைக்கும் ஆண்டேயாகும்.

செலவைக் குறித்து அஞ்சுவோரை நாம் குறை கூறவில்லை. பாகம் பிரியாத வீட்டின் நிலை இன்னும் கடினம். வாடகையில் பங்கு கேட்க ஐந்து பேர் இருப்பர். குழாய்க்குப் பங்கு தர ஒருவரும் இரார். வீட்டில் உரிமை எந்த விகிதத்தில் உண்டோ, அதன் பழுதிலும் பொறுப்பு அதே விகிதத்தில் உண்டு என்பதை உடன்பிறந்தோர் கூடிப் பேசித் தீர்க்க வேண்டும். இன்று சிறு காமிராவைக் குழாய்க்குள் செலுத்தி உடைந்த இடத்தைக் கண்டறிய முடிகிறது. வீடு முழுவதையும் தோண்டிப் போட வேண்டுவதில்லை. அதற்கும் இப்போது இயலாதவர், குறையை மறைக்காமல் சொல்லவாவது செய்யலாம். உண்மையைச் சொல்வதற்குப் பணம் தேவையில்லை.

வீடு நம்மிடம் சில காலம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். நமக்கு முன் அதில் வாழ்ந்தோர் உண்டு. பின் வாழ வருவோரும் உண்டு. நாம் விட்டுச் செல்லும் தரைக்கு அடியில் என்ன இருக்கிறது என்பதை வருவோர் அறியமாட்டார், அல்லாஹ் அறிவான்.