தலைக்கவசமும் தோட்டாவும்

2018 பிப்ரவரி 14 அன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடா மாநிலத்தில், பார்க்லாண்ட் ஊரின் உயர்நிலைப் பள்ளி ஒன்றில் முன்னாள் மாணவன் சுட்டதில் 17 பேர் இறந்தார்கள். அடுத்த சில நாள்களில் சைக்கிள் ஓட்டுகிறவர்களிடையே ஒரு செய்தி பரவியது. பெல், ஜைரோ தலைக்கவசங்கள், பிளாக்பர்ன் விளக்குகள், கேமல்பேக் தண்ணீர்ப் பைகள் எல்லாமே விஸ்டா அவுட்டோர் என்ற ஒரே நிறுவனத்தின் கையில் இருந்தன. சாவேஜ் ஆர்ம்ஸ் துப்பாக்கித் தொழிற்சாலையும் ஃபெடரல் தோட்டாவும் அப்போது அதே நிறுவனத்துக்குத்தான் சொந்தமாக இருந்தன. மார்ச் 1 அன்று அமெரிக்காவின் ஆர்.இ.ஐ., கனடாவின் எம்.இ.சி. என்ற இரு பெரிய கூட்டுறவுக் கடைகள் விஸ்டாவுக்குப் புது ஆர்டர் தருவதை நிறுத்தின.

தலைக்கவசம் வாங்குகிறவருக்குத் துப்பாக்கியின் பாவத்தில் பங்கு உண்டா? பார்க்லாண்டில் சுடப் பயன்பட்டது ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் செய்த துப்பாக்கி. சாவேஜுக்கு அதில் சம்பந்தமே இல்லை. ஜைரோ கவசங்களை வடிவமைத்தவர்கள் கலிஃபோர்னியாவின் ஸ்காட்ஸ் வேலியில் உட்கார்ந்து, விழுந்தால் மண்டை உடையாமலிருக்க என்ன வழி என்று யோசித்தவர்கள். அவர்கள் பிழைப்பில் கைவைப்பது எந்த நியாயம் என்ற கேள்வியை எளிதில் தள்ளிவிட முடியாது.

தின்பதற்காக வாங்குகிறவர் இல்லையென்றால் ஊன் விற்கிறவரும் இருக்கமாட்டார் என்பது வள்ளுவர் வாதம். வாங்குகிறவரைக் குற்றத்திலிருந்து நழுவவிடாத வாதம் அது. ஆனால் இங்கே அது நேராகப் பொருந்தாது. கவசத்துக்கு ஆள் கூடினால் கவசம்தான் கூடுதலாகச் செய்யப்படும், துப்பாக்கி அல்ல. பொதுவானது கல்லாப்பெட்டி மட்டுமே. அன்றைய விஸ்டாவின் வருமானத்தில் பெரும்பகுதி வேட்டையும் சுடுதலும் சார்ந்தது. கவசக் காசு மொத்தத்தில் சிறு பங்குதான். ஆகவே 'என் பணம் கொலைக்குப் போகிறது' என்று பதறுவது கொஞ்சம் மிகை.

மிகை என்பதால் மறுப்பு வீண் என்றாகாது. கள்ளச்சாராயம் விற்கிறவனுக்கு வீட்டை வாடகைக்கு விட மறுப்பவர், அதனால் ஊரில் சாராயம் ஒழிந்துவிடும் என்று நம்பி மறுப்பதில்லை. இந்தத் தொழிலுக்கு என் வீட்டில் இடமில்லை என்கிறார், அவ்வளவுதான். அதையும் வாய் திறந்து, காரணத்தோடு சொல்ல வேண்டும். துப்பாக்கி விற்று லாபம் பார்க்கிறவர்களுக்கு வன்முறையைத் தடுக்கும் பொறுப்பும் உண்டு என்று ஆர்.இ.ஐ. வெளிப்படையாக அறிவித்தது. சத்தமில்லாமல் வேறு பிராண்டுக்கு மாறியிருந்தால், விற்பனைக் கணக்கில் ஒரு சரிவு தெரிந்திருக்கும். அது ஏன் என்று யாருக்கும் தெரிந்திருக்காது. எம்.இ.சி. ஏற்கெனவே அலமாரியில் இருந்த சரக்கைத் தூக்கி எறியவில்லை; அது தீரும்வரை விற்பதாகச் சொன்னது. சிலருக்கு இது அரைகுறையாகத் தோன்றியது. பணம் கொடுத்து வாங்கிவிட்ட நல்ல கவசத்தைக் குப்பையில் போட்டு யார் உயிரைக் காப்பாற்றப் போகிறோம்? வீட்டில் ஏற்கெனவே இருப்பதை அணிந்து ஓட்டுவதிலும் தவறில்லை.

அதன் பிறகு நடந்தவை மனத்தைக் குளிரவைக்கும் கதை அல்ல. துப்பாக்கித் தொழிலிலிருந்து விலகப்போவதாக 2018 மே மாதம் விஸ்டா அறிவித்தது. 2019-இல் சாவேஜை அதன் நிர்வாகிகள் அடங்கிய குழுவுக்கே 17 கோடி டாலருக்கு விற்றது. தொழிற்சாலை மூடப்படவில்லை. 2020-இல் திவாலான ரெமிங்டனின் தோட்டாத் தொழிலை விஸ்டாவே வாங்கிப் போட்டது. அதே ஆண்டு, உறுப்பினர்களின் கூட்டுறவு என்று பெயர்பெற்ற எம்.இ.சி., லாஸ் ஏஞ்சல்ஸ் முதலீட்டு நிறுவனம் ஒன்றுக்குக் கைமாறியது. உறுப்பினர்களிடம் வாக்கெடுப்பு நடத்தவில்லை. நல்ல கடை என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டு நிம்மதியாக இருக்க வழியில்லை.

இதில் அதிகம் பேசப்படாதவர் சிறு கடைக்காரர். ஆர்.இ.ஐ. மாதிரிப் பெரிய கடைக்கு ஒரு பிராண்டை நிறுத்தினால் இன்னொன்று வரிசையில் நிற்கும். தெருமுனைக் கடைக்காரரோ சீசனுக்கு முன்பே ஆர்டர் கொடுத்து, கடனில் சரக்கு எடுத்திருப்பார். அவர் கடைவாசலை மிதிக்க மாட்டேன் என்று வாடிக்கையாளர் திரும்பிப் போனால் அடி விழுவது விஸ்டாவின் பங்குதாரர் மேல் அல்ல, பஞ்சர் ஒட்டிக்கொடுக்கும் அவர் மேல்தான். எனவே கடையைப் புறக்கணிப்பதைவிட, அதே கடையில் வேறு கவசம் கேட்டு வாங்குவதுதான் முறை. வேறு பொருந்தவில்லை என்றால் பொருந்துவதையே வாங்கலாம். தளர்ந்து ஆடும் கவசத்தை யாரும் அறத்துக்காகத் தலையில் மாட்டிக்கொள்ள வேண்டியதில்லை.

இன்று தோட்டாத் தொழில் செக் நாட்டு நிறுவனம் ஒன்றிடமும், பெல்லும் ஜைரோவும் ஒரு முதலீட்டு நிறுவனத்திடமும் தனித்தனியாகப் போய்விட்டன. 2018-இன் காரணம் இப்போது இல்லை. பழைய பட்டியலை வைத்துக்கொண்டு பெல்லை ஒதுக்குவதில் பொருளும் இல்லை. கவசத்தின் உள்ளே ஒட்டிய சீட்டில் அளவு இருக்கும், தயாரித்த தேதி இருக்கும், பாதுகாப்புத் தரம் இருக்கும்; முதலாளி யார் என்பது இருக்காது. அதைக் கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரியாமலிருக்கலாம். நாலு பேர் கேட்டால், அடுத்த ஆர்டர் எடுக்க வரும் நிறுவனப் பிரதிநிதியிடம் அவரும் கேட்பார்.