தனக்குத் தானே வக்கீல்

மனைவியோடு சேர்ந்து வாழ ஒருவன் அரசாங்கத்தோடு வழக்காட வேண்டும் என்றால் நம் பாட்டிமார் சிரிப்பார்கள். பிரிட்டனில் இது கதையல்ல. அயல்நாட்டு மனைவியை அழைத்துக்கொள்ள 2012-இல் ஆண்டுக்கு 18,600 பவுன் வருமானம் கேட்டார்கள். 2024 ஏப்ரலில், புதிதாக விண்ணப்பிப்போருக்கு அதை 29,000 ஆக்கினார்கள். அன்புக்கும் சம்பளச் சீட்டு ஒரு சாட்சி!

விசா மறுக்கப்பட்டால் தீர்ப்பாயத்தில் முறையிடலாம், வக்கீல் கட்டாயமில்லை. ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இத்தகைய வழக்குகளுக்கு அரசின் சட்ட உதவி 2013 ஏப்ரலிலிருந்து பெரும்பாலும் நின்றுவிட்டது. பணமில்லாதவன் தானே எழுந்து நிற்கிறான். இது சுதந்திரமா, கைவிடுதலா? எதிரே உள்துறைக்காகப் பேசிப் பழகியவர். வழக்குக்கு உரியவளோ அந்த நாட்டுக்குள்ளேயே வர முடியாதவள்.

அதிகாரியின் தவறைக் காட்டினால் போதும் என்று எண்ணி அவன் காகிதக் கட்டோடு போகிறான். நீதிபதி தீர்க்க வேண்டிய கேள்வி வேறு: இந்த மறுப்பு குடும்ப வாழ்வுரிமையை அளவு மீறிப் பாதிக்கிறதா? 2017-இல் உச்ச நீதிமன்றம் வருமான விதியை ஏற்றுக்கொண்டது; ஆனால் குழந்தைகளின் நலனுக்கு விதிகள் உரிய இடம் தரவில்லை என்றும் சொன்னது. இது தெரிந்தவன், தன்னோடு இருக்கும் மகளின் பள்ளிக் கடிதத்தை முதலில் எடுத்து வைப்பான். தெரியாதவன் சம்பளச் சீட்டையே திரும்பத் திரும்ப நீட்டுவான். இருவருக்கும் பாசம் ஒன்றுதான்.

நல்ல நீதிபதி தாமே கேட்டு வாங்கிக்கொள்வார் என்பார்கள். இருக்கலாம். அதற்காக ஒருவன் தன் குடும்பத்தையே அவருடைய நல்ல மனத்தை நம்பி விட்டுவிட்டு உட்கார்ந்திருக்க வேண்டுமா?