பெண்மகவுக்குப் பெயரிடுதல்



முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்து மகவின் காதிலே ஓதப்படும் பெயர், இறைவனை நினைத்தற்குப் பெற்றோர் தாமே தேடிக்கொள்ளும் ஏதுவாகும். நாளொன்றிற் பலகால் மகளை விளிக்குந் தாய், அத்துணை முறையும் அம்பிகையை விளித்தவளாகின்றாள். இதனாலன்றோ நம் முன்னோர், திருக்கேதீச்சரத்துக் கௌரி, திருக்கோணேச்சரத்து மாதுமை, முன்னேச்சரத்து வடிவாம்பிகை, நயினாதீவு நாகபூஷணி என்னுந் திருநாமங்களைத் தம் புதல்வியர்க்கு இட்டு மகிழ்ந்தனர். புனிதவதி, திலகவதி, மங்கையர்க்கரசி என்பன அடியார் வழி வந்தவை.

இக்காலத்து வகுப்பேட்டைத் திறக்கின் யாது காண்கின்றோம்? நட்சத்திர எழுத்தொன்று, அதன்பின் எண்சோதிடர் கூட்டிய ஓசைகள் சில. பொருள் யாதென வினவினாற் சிறுமி தலைகவிழ்கின்றாள். எண் கூட்டுவதோ ஆங்கில எழுத்துக்களுக்கு. அப்பெயரைத் தமிழில் எழுதுதற்கு நாம் இடர்ப்படுகின்றோம். நட்சத்திர எழுத்தை யாம் இகழ்கின்றோமல்லோம். எழுத்துக்குப் பொருந்த நல்ல பெயர் தேடுதல் வேறு. எழுத்தே பெயரென மயங்குதல் வேறு.

ஆயினும், பெற்றோரைக் குறைகூறுமுன் எம் பிழையைச் சொல்லுதல் முறை.

1824 ஆம் ஆண்டிலே அமெரிக்க மிசனார் உடுவிலில் நிறுவிய பெண்கள் விடுதிப் பாடசாலையிலே, பொருளுதவிய அந்நாட்டாரின் பெயர்கள் நம் சிறுமியர்க்கு இடப்பட்டன. பெண்களுக்கு எழுத்தறிவித்த அவர்தம் நன்மையை மறுத்தல் தகாது. யாமும் மிசன் பாடசாலையிற் பயின்றவரே. எனினும், பெற்றோர் இட்ட பெயரை மறைத்த அச்செயலை மேடைதோறுங் கண்டித்துப் பேசி வந்தோம். பேசிய வாயே பிழைத்தது.

பல்லாண்டுகளின் முன் எம் வகுப்பிலே நாகபூஷணி என்னும் பெயருடைய சிறுமி இருந்தாள். பெயர் நீண்டதென்று யாம் அவளை "நாகு" என்றழைத்தோம். பிள்ளைகள் அதனைப் பிடித்துக்கொண்டு "பாம்பு" என்றனர். ஒருநாள் மாலை, எல்லோரும் போன பின்னர் அவள் வந்து நின்று, "ஐயா, பெயரை மாற்ற எவ்வளவு காசு வேண்டும்?" என்று கேட்டாள். மறுநாள் தொட்டு முழுப்பெயர் சொல்லியே அழைத்தோம். எம் வாய் திருந்திற்று; பிள்ளைகளின் வாய் திருந்தவில்லை. பள்ளியை விட்டகலும்வரை அவள் நாகுவாகவே இருந்தாள். ஆதலின், அன்பர்களே, வகுப்பேட்டிலுள்ள பெயரை நாளைக் காலையில் முழுமையாக வாசியுங்கள். ஓசை பொருந்தாப் பெயராயினும் சிரியாதீர்கள். பெயரைத் தெரிந்தது அக்குழந்தை அன்று.

சில திங்களின் முன் அவள் தன் பெண்மகவை ஏந்திக்கொண்டு எம் இல்லத்துக்கு வந்தாள். மகவு கார்த்திகையிற் பிறந்ததென்றும், அ, இ, உ, எ என்னும் எழுத்துக்கள் பொருந்துமென்றுங் கூறினாள். எண்சோதிடர் எழுதிய சீட்டும் கையிலே மடிந்திருந்தது. "ஒருவரும் சுருக்க ஒண்ணாத பெயராகச் சொல்லுங்கள், ஐயா" என்றாள்.

யாம் சிறிதுபோது வாய்திறந்தோமில்லை. பின்னர், "உமை" என்றோம்.

அவள் அதனை இருமுறை மெல்லச் சொல்லிப் பார்த்தாள். மகவின் காதருகே குனிந்து மூன்றாம் முறை சொன்னாள்.