யாருக்குப் பயன்?

பினாங்கு தெலுக் பஹாங்கில் 1986இல் பட்டாம்பூச்சிப் பண்ணையாகத் தொடங்கி, 2016இல் எண்டோபியாவான இடம். ஒரு பையன் வண்டைக் காட்டி, "இதால என்ன பயன்?" என்றான். வழிகாட்டி பட்டியல் போட்டார். பூச்சியைப் பற்றிப் பேச வருகிறவர்கள் எல்லோரும் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

எனக்குச் செம்பனை மூக்குவண்டு ஞாபகம் வந்தது. ரஹ்மான் சையத் கேமரூனில் ஆராய்ந்து சொன்னபின், 1981இல் மலேசியத் தோட்டங்களில் விடப்பட்டது. அதுவரை ஆட்களே பூக்குலையில் மகரந்தம் தூவினார்கள், என் பாட்டியும்தான். வண்டு வந்தது, விளைச்சல் ஏறியது, பாட்டிக்கு அந்த வேலை போச்சு. பயன்தான் கணக்கென்றால், பயனற்ற பூச்சியோடு பாட்டியையும் கழித்துவிடலாமே!

பாட்டி வண்டைத் திட்டியதில்லை. "அதுக்கு ஆம்பளப் பூதான் வீடு. அது பாட்டுக்கு வந்துச்சு" என்பார்.