தூண்டிலின் நியாயம்

குற்றாலம் என்றால் நம்மவர்களுக்கு அருவியும் டி.கே.சி.யும்தான். அருவிக் கூட்டம் தாங்காமல் தை மாதத்தில் ஒருநாள் தென்காசியைத் தாண்டிக் கிழக்கே போனேன். கீழப்பாவூர்ப் பெரிய குளம். எனக்குப் பழக்கமில்லாத தண்ணீர். எங்கே ஆழம், மீன் எந்த நேரத்தில் மேயும், எதுவும் தெரியாது. இந்தப் பக்கத்துக் குளங்களில் மீன்பாசியை ஏலம் விடுவார்கள் என்பதால் ஒரு தூண்டில் போடவும் யாரையாவது கேட்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். கேட்டேன். கரையில் உட்கார்ந்திருந்த காவல்காரக் கிழவர், வலை என்றால்தான் பேச்சு என்று கையசைத்துவிட்டார்.

மூங்கில் கம்பு, நைலான் நரம்பு, தக்கை, மண்புழு. மதியம்வரை தக்கை அசையவில்லை. தூண்டில் போடுகிறவனை ஒருவகை யோகியாக எழுதுகிற வழக்கம் உண்டு. எனக்கு அதில் ஒப்புதலில்லை. முள்ளை மறைத்துவைத்துக்கொண்டு காத்திருப்பது தியானமாகாது.

மூன்று மணிக்குமேல் இரண்டு சிலேபிக் கெண்டைகள் கிடைத்தன. 1952இல் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்க மீன். அதுவும் இந்தக் குளத்துக்கு அந்நியம்தான் என்பதில் எனக்கு ஒரு அற்பமான ஆறுதல். இதன் பெண் முட்டைகளை வாய்க்குள் வைத்தே பொரிக்கும். குஞ்சுகளும் ஆபத்தென்றால் அந்த வாய்க்குள்தான் ஓடிப் பதுங்கும். முள்ளைக் கழற்றும்போது இது நினைவுக்கு வந்து கை நின்றுவிட்டது. கிழவர் கவனித்திருக்க வேண்டும்.

"வாயில குஞ்சு வச்சிருக்கது எர எடுக்காதுல்லா, ஐயா. இது வெறும் வாயிதான்."

அவர் சொன்னது சரி. அடைகாக்கும் தாய் அநேகமாகத் தின்பதில்லை. எனக்கு நிம்மதியாகிவிட்டது. அந்த நிம்மதியைத்தான் இப்போது சந்தேகிக்கிறேன். நான் எந்தத் தாயையும் விட்டுவைக்கவில்லை. அவை வரவில்லை, அவ்வளவுதான். அந்தப் புண்ணியம் என் கணக்கில் எப்படி ஏறிற்று? வலை யாரையும் கேட்பதில்லை, வாரிக்கொண்டு போகிறது. அதில் பாசாங்கு இல்லை. தூண்டிலோ ஒவ்வொரு மீனிடமும் தனித்தனியே சம்மதம் வாங்குவதுபோல நடந்துகொள்கிறது. கடித்தது அதுதானே என்று நான் சொல்லிக்கொள்ள இடம் வைக்கிறது. கொல்லாமைக்கு ஓர் அதிகாரம் ஒதுக்கிய வள்ளுவரே, சூது அதிகாரத்தில் தூண்டிலைச் சொல்லும்போது விழுங்கிய மீனைத்தான் காட்டுகிறார். கம்பைப் பிடித்திருப்பவன் அந்தக் குறளில் இல்லை.

சம்மதம் என்று நான் சொன்னது வெறும் பசி. முந்தின நாள் பாபநாசம் படித்துறையில் எல்லோரையும்போல நானும் பொரி வாங்கிப் போட்டேன். தாமிரவருணி மீன்கள் காலருகே வந்து முட்டி மோதின. கோயில் மீன் என்று யாரும் கைவைப்பதில்லை. அன்றைக்கு என்னைக் கருணையுள்ளவனாக்கியதும் மறுநாள் குற்றமற்றவனாக்கியதும் ஒரே பசிதான். பொரிக்கும் புழுவுக்கும் உள்ள வித்தியாசம் எனக்குத்தான் தெரியும், மீனுக்குத் தெரியாது. இரண்டு நாளும் எனக்குப் பசியில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிடித்துத் தின்கிறவரோடு எனக்கு வாதமில்லை. நான் பிடித்தது பொழுதுபோகாமல்.

லாட்ஜில் சமைக்க வசதியில்லை. இரண்டையும் கிழவரிடம் கொடுத்தேன். அவர் சிறியதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "பொடிசு" என்று தண்ணீரில் விட்டார். பெரியதை ஓலையில் கோத்துக்கொண்டு, நாளைக்கும் வருவேனா என்று கேட்டார். வருவதாகத்தான் சொன்னேன்.